ஒன்றரை ஏக்கர் அக்கா

முதல் நாளே அக்கா என் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி ஏரிப் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் போனால் அந்த இடம் வரும். வேலி கிடையாது, பலகை கிடையாது. ஆள் உயரத்துக்கு மண்மேடுகள், அவற்றுக்கு நடுவே பெரும் பள்ளங்கள். மழை பெய்தால் பள்ளத்தின் அடியில் சேறு கட்டும். ஏறி இறங்கிப் பறக்க வண்டிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாங்கள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தோம் என்றுதான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டோம்.

ஒரு மேட்டிலிருந்து நான் இறங்கும்போது எதிரே ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேலே கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு. பிரேக்கை அழுத்தியதில் வண்டி சறுக்கி அவர் காலடியில் போய்த்தான் நின்றது. அவர் நகரவில்லை. குனிந்து சாவியைத் திருகி உருவிக்கொண்டார்.

"யாரக் கேட்டு வந்தீங்க? ஒன்ற ஏக்கரும் என் நெலம்."

எங்களைக் கூட்டிவந்தவன் பிரவீண். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தான். "காலி இடம்தானே அக்கா? வேலி இல்ல, போர்டு இல்ல. ஓப்பன் லேண்டு."

"உன் வண்டிக்குங்கூடத்தான் வேலி இல்ல. நான் எடுத்துகினு போவட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, சாவியைக் குடுங்க" என்றேன்.

"இந்தா." உடனே நீட்டினார். "கேட்ட, குட்த்துட்டேன். அவ்ளோதான் மேட்டரு."

அவ்வளவுதான் என்று அவர் நிறுத்திக்கொண்டார். நாங்கள்தான் அதை அவ்வளவில் விடவில்லை. திரும்பும்போது பிரவீண் அவருக்கு 'ஒன்றரை ஏக்கர்' என்று பெயர் வைத்தான். வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். திருமுல்லைவாயிலில் மூன்று பேரோடு ஒரு ஃபிளாட்டில் வாசம். வீட்டு வாசலில் செக்யூரிட்டி எங்கே போகிறாய் என்பார். ஆபீஸ் வாசலில் அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். இருக்கையை விட்டுக் கால் மணி நேரம் எழுந்து போனால் டீம் லீடர் எங்கே போனாய் என்பார். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஃபோனில் எப்போது கல்யாணம் என்பாள். யாரும் எதையும் கேட்காத ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்தப் பழைய வண்டியை வாங்கி, கட்டை வைத்த டயர் மாட்டி, மண்ணிலும் சேற்றிலும் போய் விழுந்து எழுந்தேன். அப்படி ஓர் இடத்தைத் தேடிப் போய், உலகத்திலேயே கேட்பதைப் பெரிதாக நினைக்கும் மனுஷியிடம் மாட்டிக்கொண்டேன்.

மறு வாரம் வேலை நாளிலேயே ஒரு மாலை தனியாகப் போனேன். ஏரிக்கரைத் தெருவில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். அக்கா அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்பத்தூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் அவருக்கு மெஷின் வேலை. கையெல்லாம் கருப்பு ஏறியிருக்கும். கழுவினாலும் நகக்கண்ணில் போகாது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை உங்க நிலத்துல வண்டி ஓட்டிக்கலாமா?"

அவர் செம்பைக் கீழே வைத்தார். உள்ளே திரும்பி மகளிடம், "ஏ, இங்க வாயேன். கேக்கறதுக்குன்னு ஒத்தரு வந்துகீறாரு" என்றார். ஏதோ தூரத்துச் சொந்தம் வந்ததுபோலச் சொன்னார்.

அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. "கிழக்கால ஆள்காட்டிக் குருவி முட்ட வெச்சிக்கீது. சுத்தி கல்லு வெச்சிருக்கேன். அந்தாண்ட மட்டும் போவாத."

அந்த நிலம் அவருடைய அப்பாவுக்குச் சர்க்கார் கொடுத்தது. அதுவரை அவர் ஊர்ப் பெரிய வீட்டில் பண்ணை வேலை பார்த்தவர். பட்டா வந்த பிறகும் அந்த நிலத்தில் ஊரார் நடந்தார்கள், மாட்டை ஓட்டினார்கள், புல் அறுத்தார்கள். "எங்க நைனாவ ஒத்தரும் கேட்டதில்ல" என்றார் அக்கா. "அவரும் கேளுன்னு சொன்னதில்ல. சொல்லத் தெரியாது அவருக்கு. யாரு வந்தாலும் துண்ட எட்த்து கக்கத்துல வெச்சிக்குவாரு." ஒரு தடவை குடும்பத்தோடு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மூன்று நாள் போய்விட்டுத் திரும்பினால், நிலம் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. யாரோ லாரி வைத்து மண்ணை அள்ளிப் போய்விட்டார்கள். நாலு மூலை எல்லைக் கல்லில் இரண்டு மண்ணோடு போயிற்று. அதற்கப்புறம் அங்கே ஒன்றும் விளையவில்லை. அப்பா அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டாராம்.

நாங்கள் பறந்து பறந்து விளையாடிய பள்ளம் அதுதான். அதைக் கேட்ட பிறகும் அங்கே ஓட்ட எனக்குக் கூச்சமாக இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். மாறாக, அக்காவுக்கே அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஞாயிறு காலையில் மேட்டில் உட்கார்ந்து, நாங்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்குவதைப் பார்ப்பார். ஒருமுறை எங்களில் ஒருவன் விழுந்து தோள்பட்டை எலும்பு விலகிக் கத்திக்கொண்டிருந்தான். அக்கா ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டு, "தொடட்டா?" என்றார். அவன் வலியில் இன்னும் கத்தினான். அவர் கையை அவன் தோளுக்கு மேலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு மறுபடி, "சொல்லுப்பா, தொடட்டா?" என்றார். அவன் தலையாட்டிய பிறகுதான் தொட்டார்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். எங்கள் ஊர்ப் பக்கம் விருந்தாளிக்குப் போதும் என்று சொல்லும் உரிமை கிடையாது. இலையை மறைத்தால் கைமேலேயே ஊற்றுவார்கள். அக்கா கரண்டியைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்து, "போடட்டா?" என்பார். நான் வாயில் இருப்பதை மென்று விழுங்கிப் பதில் சொல்லும்வரை கரண்டி அந்தரத்தில் நிற்கும். குழம்பு ஒரு சொட்டு விழாது. வேண்டாம் என்றால் வேண்டாம். இரண்டாம் முறை வற்புறுத்த மாட்டார். முதலில் எனக்கு அது பாசமில்லாததுபோல இருந்தது. பழகப் பழக, வேறு எங்கே சாப்பிட்டாலும் யாரோ என் தட்டில் கை வைப்பதுபோல ஆகிவிட்டது.

கம்பெனியில் நடந்த கதையை அவர் மகள்தான் சொன்னாள். சூப்பர்வைசர் ஒருநாள் இவரைக் கேட்காமல் ஷிஃப்டை மாற்றிப் பலகையில் எழுதிவிட்டான். அக்கா மறுநாள் பழைய நேரத்துக்கே போய், கம்பெனி வாசலில் உட்கார்ந்துவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. மதியம்வரை பார்த்துவிட்டு அவனே வெளியே வந்து, "ரெண்டாவது ஷிஃப்ட் பாக்கறியாம்மா?" என்று கேட்டிருக்கிறான். "பாக்கறேன் சார்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அரைநாள் சம்பளம் போயிற்று என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அதே மகளுக்காகவும் அவர் அப்படி நின்றிருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள் பூவும் பழமுமாக உட்கார்ந்திருக்கும்போது, எல்லோர் முன்னாலும், "உனுக்கு சம்மதமா?" என்று கேட்டாராம். அவள் தலைகுனிந்து, "இல்லம்மா" என்றாள். "அவ்ளோதான்" என்று சொல்லி, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அக்காவின் அண்ணனுக்கு அன்றிலிருந்து அவரோடு பேச்சு வார்த்தை இல்லை. "பொண்ணக் கேட்டா எந்தப் பொண்ணு ஒத்துக்கும்" என்பது அண்ணனின் கட்சி. பின்னால் ஓசூருக்கு வேலைக்குப் போன அவள், அங்கே தன்னோடு வேலை செய்த பையனைச் சொன்னபோது, அக்கா ஒரு கேள்விகூட கேட்காமல் தலையாட்டிவிட்டார்.

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று.

அதற்குள் பக்கத்து நிலங்களை வளைத்து ஒரு மனைப்பிரிவு வந்துகொண்டிருந்தது. வண்ணக் கொடிகள் நட்டு, செம்மண் சாலை போட்டு, பெரிய நுழைவாயில் கட்டத் தொடங்கியிருந்தார்கள். பிரவீண் அதே நேரத்தில் ஊரிலுள்ள ஜீப்காரர்களையெல்லாம் கூட்டி ஒருநாள் முழுக்க ஓட்டுவது என்று திட்டம் போட்டான். முப்பது வண்டிக்கு மேல் வரும். மனைப்பிரிவு மேனேஜரிடம் பேசிவிட்டதாகச் சொன்னான்.

"அது அக்கா நிலமாச்சே" என்றேன்.

"எல்லாம் நம்ம இடம்தான், போய் ஓட்டுங்கன்னு சொல்லிட்டாரு மச்சான். உங்க அக்காகிட்ட முப்பது ஜீப்புக்குக் கேட்டா ஒத்துக்குமா? அதான், அன்னைக்கு அது வூட்ல இருக்குமா, அத மட்டும் சொல்லு."

நான் அப்போதே எழுந்து போயிருக்கலாம். எழுந்து போகவில்லை. அந்த நண்பர்களை விட்டால் எனக்குச் சென்னையில் வேறு யாரும் இல்லை. "அந்த ஞாயிறு அவங்களுக்கு மொத ஷிஃப்ட்" என்று சொன்னேன்.

ஜீப்புகள் வந்தன. என் ஹெல்மெட்டில் எப்போதும்போலக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி முட்டையிடும் கிழக்குப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. பத்து மணி வாக்கில் ஒரு ஜீப் சேற்றில் அச்சுவரை புதைந்தது. அதன் முன்பக்கம் மோட்டாரில் சுருட்டியிருந்த இழுவைக் கம்பியை உருவி, அதைக் கட்ட மரம் தேடினார்கள். மரம் இல்லை. வடகிழக்கு மூலையில் ஒரு கல் நின்றது. அது எல்லைக் கல் என்று எனக்குத் தெரியும். அக்காவே ஒருநாள் அதன்மேல் கைவைத்து, "மிச்சம் கீறதுல இதான் உருப்படி" என்று காட்டியிருக்கிறார். கம்பியை அதில் சுற்றி மோட்டாரைப் போட்டதும் ஜீப் அசையவில்லை, கல் வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டிச் சிரித்தார்கள். யாரோ இரண்டு பேர் கல்லை உருட்டிப் பள்ளத்தில் தள்ளினார்கள்.

மாலையில் வேலை முடிந்து வந்து அக்கா என்ன பார்த்தார், எப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாது. நான் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாலாம் நாள் என் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். ஷிஃப்ட் முடிந்து, அதே நீலக் கோட்டோடு. என் மேல் பாய்வார் என்று நினைத்தேன். ஓரமாகக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கல் இல்லாததைப் பார்த்துவிட்டு மனைப்பிரிவுக்காரர்கள் தங்கள் எல்லையைப் பன்னிரண்டு அடி உள்ளே தள்ளிக் கயிறு கட்டிவிட்டார்கள். சுவருக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். தாலுகா ஆபீஸுக்குப் போனால், கல் எங்கே இருந்தது என்பதற்கு ஏதாவது காட்டு, வேலையை நிறுத்தச் சொல்கிறோம் என்கிறார்கள்.

"நீ தலயில வெச்சிகினு ஓட்டுவியே, அந்த வீடியோ. அன்னிக்கு எட்த்தது உன்னாண்ட கீதா? கீதுன்னா குடுப்பியா?" பிறகு அவரே சேர்த்துக்கொண்டார்: "அதுல நீங்களும் இருப்பீங்கோ. அதான் கேக்கறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

முந்தின இரவே பிரவீண் எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தான், அந்த நாள் வீடியோ எதையும் வெளியே விடாதீர்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடும், வேலை போய்விடும் என்று.

"அந்த மெமரி கார்டு அழிஞ்சு போச்சுக்கா" என்றேன்.

"அப்டியா. சரிப்பா." என் தோளைத் தட்டிவிட்டுப் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

பதினாறு நாள் அந்தக் கார்டை வைத்துக்கொண்டு அலைந்தேன். பையில், சட்டைப் பையில், தலையணைக்கு அடியில். கீழே போட்டு மிதிக்க நினைத்த நாளும் உண்டு. பதினாறாம் நாள் விடுப்புப் போட்டுவிட்டு வேப்பம்பட்டுக்குப் போனேன். அழிந்ததை ஒரு நண்பன் மீட்டுக் கொடுத்தான் என்று இன்னொரு பொய்யையும் சொல்லி, பென் டிரைவை அவர் கையில் வைத்தேன்.

"இத ஆபீஸ்ல காட்டலாமா? உன் பேரு வெளிய வருமே."

"காட்டுங்கக்கா."

சர்வேயர் வந்தார். வீடியோவைப் பார்த்தார், பள்ளத்தில் கிடந்த கல்லைப் பார்த்தார், சங்கிலி பிடித்து அளந்தார். கல் இருந்தது இங்கேதான், சுவர் பன்னிரண்டு அடி உங்கள் நிலத்துக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் சுவர் அதற்குள் தலைக்கு மேலே எழும்பி, பூச்சு வேலையும் முடிந்திருந்தது. அந்தப் பக்கம் சாலையும் போட்டாகிவிட்டது.

"கட்டி முடிச்சத இடிக்கச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா. கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்றார் சர்வேயர். "இதே வீடியோவ ரெண்டு வாரம் முன்னாடி கொண்டாந்திருந்தீங்கன்னா, அஸ்திவாரத்தோடவே நிறுத்தியிருக்கலாம்."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "சரி சார். டீ சாப்புடறீங்களா?" என்று அவரிடம் கேட்டார்.

பிரவீணும் மற்றவர்களும் என்னோடு பேசுவதை விட்டார்கள். என் வேலை போகவில்லை; போலீஸ் ஒருமுறை கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பயந்த எதுவும் நடக்கவில்லை. அக்கா கேஸ் போட்டார். வாய்தா மேல் வாய்தா. மிச்ச நிலத்தைச் சுற்றிக் கல்தூண் நட்டுக் கம்பி வேலி போட்டார். "ஓட்றியா? தொறந்து வுடறேன்" என்று என்னிடம் மட்டும் ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்த மாதமே வண்டியை விற்றேன்.

அடுத்த வருடம் ரப்பர் கம்பெனியில் ஆள் குறைத்தபோது அக்காவின் வேலையும் போயிற்று. அக்கா மகளோடு இருக்க ஓசூருக்குக் கிளம்பினார். நான் வழியனுப்பப் போனேன். வேப்பம்பட்டு பிளாட்பாரத்தில், மதிய வெயிலில், சென்ட்ரல் போகும் வண்டிக்காக நின்றோம். இரண்டு பை, ஒரு குக்கர். அவர் என் அம்மாவின் கண் ஆபரேஷனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். நான் பாதியில் குறுக்கிட்டேன்.

"அக்கா, அந்தக் கார்டு அழிஞ்சு போகல. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படிக்கா?"

"அழிஞ்சி போச்சின்னு நீ சொல்ல சொல்ல உன் கை ஜோபிக்குப் போச்சி. ஜோபிய அமுக்கிப் புடிச்சிகின." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.

"அப்பவே ஏன் கேக்கல? பொய்யாடான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கயே எடுத்துக் குடுத்திருப்பேன்."

"கேட்டேனே. ஒரு வாட்டி கேட்டேன், நீ பதில் சொல்ட்ட. திருப்பித் திருப்பிக் கேட்டா அது கேக்கறது இல்ல தம்பி, புடுங்கறது."

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் இருந்த பெண்ணிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள். அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடும்போது கையைக் கழுவச் சொல் என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். வண்டி நகர்ந்துவிட்டது.

ஓசூர் போன புதிதில் இரண்டு முறை பேசினோம். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. நானும் வீடு மாறி, வேலை மாறி, இப்போது பூந்தமல்லியில் இருக்கிறேன். கல்யாணம் ஆகிவிட்டது. கேஸ் என்ன ஆயிற்றென்று தெரியாது. சுவர் இருக்கிறது, போன மாதம்கூட அந்த வழியாகப் போகும்போது பார்த்தேன். அதன் அந்தப் பக்கம் வீடுகள் வந்துவிட்டன.

அக்காவின் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் பாதை அந்தச் சுவரை ஒட்டித்தான் போகிறது. அவருக்கு வேறு வழி கிடையாது. அந்தப் பதினாறு நாளும் காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும், சுவர் ஒவ்வொரு வரிசையாக எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பார். என் நம்பர் அவர் ஃபோனில் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். திட்டவாவது கூப்பிட்டிருக்கலாம்.